ஒத்திகையில் படுத்தவன்

நான் நான்கு வருடம் மாற்றுத்திறனாளியாக இருந்தேன் சார். வருடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்.

சிரிக்கலாம், தப்பில்லை. என் சம்சாரம் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. இந்தச் சாக்கு உங்கள் காலில் இடித்தால் சொல்லுங்கள், நகர்த்திக்கொள்கிறேன். மோட்டார் சாமான். தாழங்காடு பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு விடுகிற வேலை எனக்கு. பெயர் அஞ்சாப்புலி. பிறந்த உடனே வைத்துவிட்டார்கள், கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்திருக்கலாம். எடை நாற்பத்தாறு கிலோ. நடந்ததற்கெல்லாம் இந்த எடைதான் காரணம், அதனால் சொல்கிறேன்.

இன்றைக்கு நாலு மணிக்கு எங்கள் ஊரில் புயல் ஒத்திகை. மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். ஸ்ட்ரெச்சரில் நான்தான் படுக்க வேண்டும் என்று ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. நேற்றே சொல்லிவிட்டார். நான் படுத்தால், அடுத்த புயலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பமாட்டேன் என்று வேதவல்லியக்காவும் நேற்றே சொல்லிவிட்டார். சும்மா சொல்கிற ஆள் இல்லை. இந்த பஸ் எங்கள் ஊர்க் கைகாட்டி ஸ்டாப்புக்குப் போக இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வரவேண்டும். எனக்கு முடிவெடுத்துப் பழக்கமில்லை. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். சொல்கிறபோதே ஏதாவது தோன்றினாலும் தோன்றும்.

வேதவல்லியக்காவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம். இடது கால் மடங்காது. வலது காலுக்குத் தாங்குகிற சக்தி இல்லை. கடற்கரைப் பக்கம், எங்கள் தெருக்கோடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வீட்டு முன்னறைதான் கடை. வீட்டுக்குள்ளே கைகளை ஊன்றி நகர்ந்து போவார். வெளியே போக, பக்கத்தில் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். எங்கள் ஊரில் யாருடைய ஆதார் அட்டையும் அவர் கையைத் தாண்டாமல் எந்த ஆபீசுக்கும் போனதில்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். வாயும் எட்டு வயது மூத்தது.

முதல் வருட ஒத்திகைக்கு அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். புயல் வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, நடக்க முடியாத ஒருவரை வீட்டிலிருந்து தூக்கி, புயல் கட்டடத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அக்கா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். ஆர்.ஐ. அக்காவைப் பார்த்தார், தூக்கப்போகிற நாலு பேரைப் பார்த்தார். பொம்பளை ஆள், கனமான உடம்பு, பெரியவர்கள் முன்னால் கீழே போட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்று யோசித்திருப்பார். லேசான ஆளாக யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நான் அப்போது நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அப்படி எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சரிங்கய்யா என்றேன். யார் என்ன கேட்டாலும் என் வாயில் அதுதான் முதலில் வரும்.

பன்னிரண்டு நிமிடம். கைதட்டினார்கள்.

அக்காவை முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து பன்னும் டீயும் கொடுத்தார்கள். மறு வருடமும் நான். அதற்கடுத்த வருடமும் நான். நான் ஒன்றை ஏனோதானோவென்று செய்கிறவன் இல்லை சார். ஒரு காலை உள்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளப் பழகினேன். தூக்கும்போது அம்மா, அக்கா என்று முனகினேன். மூன்றாவது வருடம் ஒரு அதிகாரியின் சம்சாரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் ஒத்திகை நொண்டி என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. என் சம்சாரம் சொல்வாள், "வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி தூக்கமாட்ட, ஒன்னைத் தூக்க நாலு ஆளு. உசுரோட நாலு பேரு தூக்குறதைப் பார்க்க எனக்கு நல்லால்ல, சொல்லிட்டேன்." நான் கேட்கவில்லை.

அக்கா வருடா வருடம் ஏதாவது சொல்வார். ஸ்ட்ரெச்சர் என் வீட்டு வாசல்ல திரும்பாதுடா, வந்து அளந்து பாரு என்பார். உன்னைத் தூக்குற மாதிரி என்னைத் தூக்க முடியாது என்பார். நான், அக்கா அதெல்லாம் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம், உங்களுக்கு ஏன் சிரமம் என்பேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். நாலு வருடம் படுத்தவன் நான், எனக்குத் தெரியாததா என்று.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புயல் கட்டடத்துச் சாய்தளத்தில் ஆட்கள் பைக்கை ஏற்றி நிறுத்திவிடுவார்கள். ஆடு வேறு ஏறிப் படுத்துக்கொள்ளும். கிராம சபையில் எழுந்து பேசினேன். நான் எழுந்து பேசிய ஒரே கிராம சபை. சாய்தளத்தின் வாயில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு சிமெண்ட் போட்டார்கள். பைக் ஏறாது, ஆடு ஏறாது. அக்காவின் ஸ்கூட்டரும் ஏறாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அந்த வருட ஒத்திகையில் அதிகாரி ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் குனிந்து, சாய்தளம் உங்களுக்கு வசதியாக இருக்கிறதா என்று கேட்டார். ரொம்ப வசதிங்கய்யா என்றேன். படுத்துக்கொண்டே சொன்னேன். அதை ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். மாற்றுத்திறனாளியின் கருத்து என்று தலைப்புப் போட்டு.

பிறகு நிஜப் புயல் வந்தது.

காலையிலிருந்தே வானம் சரியில்லை. பத்து மணிக்கு ஆட்டோவில் மைக் கட்டி, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கட்டடத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அக்கா புத்திசாலி. பதினொரு மணிக்கெல்லாம், காற்று கிளம்புவதற்கு முன்பே, தானே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு கட்டடத்துக்கு வந்துவிட்டார். கம்பத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். நான் உள்ளே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தேன்.

இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. ரெண்டு பேரைக் கூப்பிடு, இறங்கி வந்துடறேன் என்றார் அக்கா. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வீட்டுக்குப் போங்கக்கா. நாங்க முறைப்படி ஸ்ட்ரெச்சர் கொண்டாந்து தூக்கிக்கிட்டு வருவோம்."

முறைப்படி. அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கம்பத்தை ஒரு பார்வை பார்த்தார். ஹாலுக்குள்ளிருந்து யாரும் எழுந்து வரவில்லை. மழை பெரிதாகிக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

இரண்டு மணிக்கு நாங்கள் கிளம்பினோம். லோடு ஆட்டோ ஓட்டுகிற காளிதாசன், அவனோடு மூன்று பேர், ஸ்ட்ரெச்சர், பிறகு நான். எனக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் அனுபவஸ்தன் என்று போனேன். தெருவில் கணுக்கால் தண்ணீர். காற்று ஆளைத் தள்ளுகிறது.

அக்கா சொன்னது சரி. ஸ்ட்ரெச்சர் வாசலில் திரும்பவில்லை. ஜெராக்ஸ் மிஷின் குறுக்கே நிற்கிறது. வெளியே கூரைக்கடியில் ஸ்ட்ரெச்சரை வைத்துவிட்டு, ரெண்டு பேர் உள்ளே போய் அக்காவை அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். என்னை அப்படித்தான் தூக்குவார்கள். அக்கா ஒருவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தார். அங்கே பிடிக்காதே, எனக்கு இருக்கிற பலமே தோளில்தான், அதையும் பிடுங்கிவிடாதே என்றார். எப்படிப் பிடிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காளிதாசன் என்னைப் பார்க்கிறான். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். இது ரொம்ப சுலபம்க்கா, எப்படிப் படுக்கணும்னு காட்டறேன் பாருங்க என்று, நான் போய் ஸ்ட்ரெச்சரில் படுத்தேன்.

ஆமாம் சார். புயலில். அவருக்குப் படுத்துக் காட்டினேன்.

பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒன்று பிய்த்துக்கொண்டு வந்தது. விலகிக்கொள்ள நேரமில்லை. விளிம்பு என் முழங்காலுக்குக் கீழே சீவிவிட்டது. ரத்தம். எவனோ எடு எடு என்று கத்தினான். நாலு பேரும் நாலு பிடியைப் பிடித்தார்கள், தூக்கினார்கள், ஓடினார்கள். நாலு வருடம் பழகின கை. கால் தானாகப் போகிறது. காளிதாசன் ஓடிக்கொண்டே திரும்பி, இதோ வந்துடறோம்க்கா என்று கத்தினது எனக்குக் கேட்டது.

நானும் கத்தினேன். சத்தியமாகக் கத்தினேன். அக்கா, அக்கா என்றுதான் கத்தினேன். ஆனால் வருடா வருடம் அதே ஸ்ட்ரெச்சரில் அதே வார்த்தையைத்தானே முனகியிருக்கிறேன். யார் காதில் ஏறும்?

கட்டடத்தில் ஆர்.ஐ. கையில் ஒரு பட்டியல். அந்தத் தெருவுக்கு எதிரே மாற்றுத்திறனாளி ஒன்று என்று போட்டிருக்கிறது. ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்ட்ரெச்சரைத்தான் பார்த்தார். டிக் அடித்தார். போனில் தாலுகா ஆபீசுக்குச் சொன்னார், மாற்றுத்திறனாளி ஒருத்தர் மீட்பு, லேசான காயம், உயிருக்கு ஆபத்தில்லை என்று. காளிதாசனையும் மற்றவர்களையும், விழுந்த மரத்தை அப்புறப்படுத்த வேறு பக்கம் அனுப்பிவிட்டார். ஒவ்வொருவனும் மற்றவன் போயிருப்பான் என்று நினைத்திருக்கிறான்.

எனக்குக் கட்டுப் போட்டார்கள். சூடாக டீ கொடுத்தார்கள். போர்த்திக்கொள்ள ஒரு போர்வை.

சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்கிறது. சொல்லியிருக்கலாம். அவர் அவ்வளவு நிச்சயமாக டிக் அடித்துவிட்டார். மேலே வேறு சொல்லிவிட்டார். அதை இல்லை என்று எப்படிச் சொல்வது? அக்காவைக் கூட்டிவர யாராவது போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடம்தான் அப்படி இருந்தேன் என்று நான் சொல்வேன். அரை மணி என்று காளிதாசன் சொல்வான். ஒரு மணி அஞ்சு நிமிடம் என்று அக்கா சொல்கிறார். அவர் கையில் கடிகாரம் இருந்தது.

காளிதாசன் நனைந்து உள்ளே வந்தவன், ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அக்கா எங்கே என்று கேட்டான். என்னைத்தான் கேட்டான். நான் டீ தம்ளரைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான், அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒன்றும் திட்டவில்லை. சட்டையைப் பிடித்துத் தூக்கினான். நாற்பத்தாறு கிலோ, ஒரு கையே போதும். கட்டோடு நொண்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போனேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிஜமாக நொண்டினேன். நான் பழகி வைத்திருந்தது அப்படியே தப்பு சார், காலை உள்பக்கம் திருப்பவே முடியாது.

அக்கா வீட்டில் இல்லை. கூரை போயிருந்தது. கூரை போனதும் அவர் காத்திருக்கவில்லை. உர மூட்டைச் சாக்கை இடுப்புக்கடியில் கட்டிக்கொண்டு, கைகளை ஊன்றிப் பின்பக்கமாகவே நகர்ந்து வந்திருக்கிறார். தார் பெயர்ந்த ரோடு. முந்நூறு அடி. ரேஷன் கடை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்பு வரைக்கும் தண்ணீர். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஊர்க்காரர்கள் ஜெராக்ஸுக்குக் கொடுத்துவிட்டுப் போன காகிதங்கள்.

எங்களைப் பார்த்தார். அதிலும் என் கட்டைப் பார்த்தார்.

"ஒத்திகை முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

காளிதாசன், எப்படிக்கா தூக்கணும் என்று கேட்டான். நாலு வருட ஒத்திகையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"நீ தூக்காத. ரெண்டு பேரு எதிரெதிரா குந்தி, கையைக் கோத்துக்குங்க. நானே ஏறிக்கிறேன். இடது காலை ஒருத்தன் நேராப் பிடிச்சுக்க, மடக்காத. எந்திரிக்கச் சொல்லும்போது எந்திரிங்க."

எழுபத்தெட்டு கிலோ. சன்னல் கம்பியைப் பிடித்து எம்பி, அவர்கள் கையில் அவரே ஏறி உட்கார்ந்துவிட்டார். பாதி எடையை அவரே தூக்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். காற்றில் நாங்கள்தான் தடுமாறினோம். இப்படி, அப்படி, நில்லு, இப்ப நட என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் கட்டடத்துக்குள் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ரேஷன் கடைச் சுவர் விழுந்த சத்தம் கேட்டது. நான் அதைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. யோசித்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

கதவை மூடினதும் விளக்கு வெளிச்சத்தில் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் இல்லை. இரண்டு கையிலும். ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தார்கள். மற்றவர்களுக்குக் கையில் அடிபட்டால் கைதான் போகும். அவருக்குக் காலும் சேர்ந்து போகும். ஒரு மாதம் அவரால் வீட்டுக்குள் ஒரு அடி நகர முடியவில்லை. தங்கை வந்து சோறு ஊட்டினாள். நான் தினமும் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன். வச்சுட்டுப் போ என்பார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு கம்பத்தில் ஒன்றைப் பிடுங்கினார்கள். இன்னொன்றுக்குத் தீர்மானம் வேண்டுமாம். ஒன்று போனதே போதும், ஸ்கூட்டர் ஏறுகிறது.

போன வருட ஒத்திகையில் அக்காவையே தூக்கினார்கள். விடமாட்டேன் என்று நின்றுவிட்டார். நான் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன், பன்னும் டீயும் கொடுத்தார்கள். நாற்பத்து மூன்று நிமிடம் சார். ஒன்பது தடவை நிறுத்தினார். இந்த மூலையில் இடிக்கிறது, கழிப்பறைக் கதவு குறுகல், நீ என்னைப் பார்த்துப் பேசு, அவனைப் பார்த்துப் பேசாதே என்று. அதிகாரிகளுக்கு வெயில் தாங்கவில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு குறை. அவர் முகத்தில் ஒரு வேதனை இல்லை, ஒரு முனகல் இல்லை. ஏதோ கல்யாண வேலை ஏவுகிற மாதிரி இருந்தது. பார்க்கிறவர்களுக்கு எப்படி மனது இளகும்? அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அதனால்தான் இந்த வருடம் ஆர்.ஐ. மறுபடி என்னைக் கூப்பிட்டார். புது ஆர்.ஐ. இவர். பன்னிரண்டு நிமிடத்துக் கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரிங்கய்யா என்றேன். வேறு என்ன சொல்வேன்? அக்கா தொட்டிக்கடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, மேலே இருந்த என்னைக் கீழே கூப்பிட்டார்.

"நீ படு. நான் முன்வரிசையில வந்து உக்காந்து பாக்குறேன். ஆனா அடுத்த புயலுக்கு யாரும் என் வாசலுக்கு வரவேண்டாம். வந்தாலும் கதவைத் திறக்கமாட்டேன். யாரைத் தூக்கிப் பழகுறீங்களோ அவனையே தூக்கிக்கிட்டுப் போங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கைகாட்டி வந்துவிட்டது பாருங்கள். தாழங்காடு, தாழங்காடு என்று கண்டக்டர் என்னைப் பார்த்துத்தான் கத்துகிறார். தினமும் பார்க்கிற ஆள். அந்த அம்மா இறங்கட்டும். கூடையோடு இறங்குகிறார்கள், நேரமாகும்.

விசில் கொடுத்துவிட்டார்.

இதைப் போய் முடிவு என்று நினைத்துவிடாதீர்கள் சார். சாக்கு உங்கள் கால் பக்கம் மாட்டிக்கொண்டது, இழுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்லப்போகிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

போன். ஆர்.ஐ.தான். எடுக்காமல் இருக்க முடியாது சார், எனக்கு அந்தத் தைரியம் எல்லாம் கிடையாது.

ஐயா. வந்துக்கிட்டே இருக்கேங்கய்யா. பஸ்லதாங்கய்யா. வண்டி நின்னுபோச்சுங்கய்யா. டயரு. ஆமாங்கய்யா. அரை மணி ஆகும்ங்கறாங்க. ஒரு மணிகூட ஆகலாம். பெரிய அதிகாரி வந்துட்டாங்களா? இல்லைங்கய்யா, வேணும்னு செய்வனா. சரிங்கய்யா. சரிங்கய்யா. ஐயா, நான் ஒண்ணு சொல்லலாங்களா. அக்கா முன்வரிசையிலதான் உக்காந்திருப்பாங்க. ஆமாங்கய்யா, அவங்கதான். எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. எப்படித் தூக்குறதுன்னும் தெரியாதுங்கய்யா. அவங்களையே கேளுங்கய்யா.

திட்டுகிறார். திட்டட்டும். இதோ, பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் போனை அணைக்கவில்லை சார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார் போல. கரகரவென்று கேட்கிறது. யாரோ பெரிய மனிதர் பேசுகிறார். இது காளிதாசன் குரல். ஸ்பீக்கரில் போடுகிறேன், கொஞ்சம் இப்படிக் குனியுங்கள்.

இதோ, அக்கா. கேட்டதா? நிறுத்து, கீழ வை என்கிறார்.

பார்த்தீர்களா, எடுத்த எடுப்பிலேயே நிறுத்திவிட்டார். நான் படுத்திருந்தால் இந்நேரம் பாதி தூரம் போயிருப்போம்.

உஸ். மறுபடி தூக்குகிறார்கள்.